நைலான் நூல், இரும்பு ஸ்கேல்: மாருதி 800-க்கு வீட்டிலேயே டோ பார்ப்பது எப்படி

முன் டயர் மேல் உள்ளங்கையைப் பதித்து, வெளி ஓரத்திலிருந்து உள்பக்கமாக ஒருமுறை தடவுங்கள். பிறகு உள்ளிருந்து வெளியே. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி இருந்தால் நல்லது. ஒரு பக்கம் போகும்போது வழவழப்பு, திரும்பும்போது ரப்பர் கையில் நெருடுகிறது என்றால் உங்கள் வண்டியின் டோ, அதாவது முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, கெட்டிருக்கிறது. உள்ளே தடவும்போது வழவழத்தால் டோ-இன் அதிகம். வெளியே தடவும்போது வழவழத்தால் டோ-அவுட். பட்டன் தேயும் முன்பே, ஓரம் மொட்டையாகும் முன்பே, கைக்கு இது தெரிந்துவிடும்.

நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷாஃப்ட்டுக்கும் புல்லிக்கும் நூல் கட்டி லைன் பார்ப்பது எங்களுக்கு அன்றாட வேலை. அதே நூலைக் காருக்குக் கட்டினால் டோ தெரியும். என்னுடையது பழைய மாருதி 800. உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, ஆனால் சாமான் இன்னும் எந்த ஊரிலும் கிடைக்கிறது. கடையில் மெஷின் அலைன்மென்ட்டுக்குச் சில நூறு ரூபாய்தான், அதை மிச்சம் பிடிக்கவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. டை ராட் எண்ட், அதாவது ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியின் முனை மூட்டு, நாமே மாற்றினால், கடை வரைக்கும் ஓட்டிப்போகவாவது டோ ஓரளவு நேராக இருக்கவேண்டும். கடையில் பார்த்து வந்த பிறகும் ஸ்டியரிங் கோணலாக நின்றால், தப்பு எங்கே என்று நாமே அளந்து தெரிந்துகொள்ளலாம்.

முன் சக்கரத்துக்கு மூன்று கோணம் உண்டு. கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளே வெளியே சாய்ந்திருப்பது. காஸ்டர் என்பது சக்கரம் திரும்புகிற அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்க்கிறதா, விலகிப் பார்க்கிறதா என்பது. நாம் நிற்கும்போது கால் கட்டைவிரல்கள் உள்ளே திரும்பியிருந்தால் டோ-இன், வெளியே திரும்பியிருந்தால் டோ-அவுட். மாருதி 800 மாதிரி சின்ன வண்டிகளில் கேம்பருக்கும் காஸ்டருக்கும் திருக ஒன்றும் கிடையாது. கம்பெனியில் செய்தது செய்ததுதான். மாற்ற முடிந்தது டோ ஒன்றுதான், டயரை வேகமாகத் தின்பதும் அதுதான்.

எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அங்குல ரிம்மின் வெளி விளிம்பு விட்டம் சுமார் 340 மி.மீ. அதில் மொத்த டோ ஒரு நூல், அதாவது 3 மி.மீ. சொச்சம், தப்பாக இருந்தால் ஒவ்வொரு சக்கரமும் கால் டிகிரி கோணலாக ஓடுகிறது. ஒரு கிலோமீட்டர் ஓடினால் ரப்பர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு நாற்பது கிலோமீட்டர். டயர் ஓரம் தேய்கிறதே என்று டயர் கம்பெனியைத் திட்டுகிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போடவேண்டும்.

எழுபது எண்பதில் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் அது பெரும்பாலும் பேலன்சிங் சமாச்சாரம். அதற்கு இந்த வேலை உதவாது.

நூலைத் தொடும் முன் ஆட்டம் பார்க்கவேண்டும். இதை விட்டுவிட்டு டோ வைத்தால், வைத்த டோ அடுத்த வேகத்தடையிலேயே போய்விடும். பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டக்கூடாது. சக்கரத்தை இடது வலதாகப் பிடித்து, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்கும் இடத்தில், விட்டு விட்டு அசைத்தால் ‘டக் டக்’ என்றால் டை ராட் எண்ட் அல்லது ராக் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடம் வலமாக நகரும் பல் கம்பி) பக்கம் ஆட்டம். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்து ஆட்டம் வந்தால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஆடினால் பேரிங் மேல்தான் முதல் சந்தேகம். இன்னொரு ஆளை வைத்து ஆட்டச் சொல்லி, நீங்கள் டை ராட் எண்ட் மேல் விரலை வைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே என்று விரல் சொல்லிவிடும்.

மாருதி 800-க்கே உரிய ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. இதில் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை, ஒற்றைக் கம்பி. அதை முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைத்திருப்பது ஸ்டெபிலைசர் பார் என்கிற குறுக்குக் கம்பிதான். அந்த பாரின் ரப்பர் புஷ் செத்திருந்தால், பிரேக் பிடிக்கும்போது சக்கரமே பின்னால் நகரும், கூடவே டோ மாறும். நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், ஓட்டும்போது இழுக்கும். புஷ் பிளந்திருந்தால் அதை மாற்றிவிட்டு வாருங்கள். விலை அதிகமில்லை.

காற்றை நாலு டயரிலும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ளபடி, டயர் சூடாவதற்கு முன் பிடிக்கவேண்டும். டிக்கியில் இருக்கும் சிமென்ட் மூட்டையை இறக்கிவிடுங்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி வந்தது.

தரை சமமாக இருக்கவேண்டும். போர்ட்டிகோ டைல்ஸ் தரை பெரும்பாலும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்துப் போட்டதாக இருக்கும். கொத்தனார் டியூப் லெவல் ஒன்று வாங்கி, நாலு சக்கரம் நிற்கும் இடத்தையும் பார்த்து, தாழ்ந்த இடத்தில் பிளைவுட் துண்டு கொடுத்துச் சமப்படுத்துங்கள். முன் சக்கரம் நிற்கும் இரண்டு இடத்திலும் இரண்டு இரண்டு வழவழப்பான டைல்ஸ், பளபள முகம் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் கிரீஸ் தடவி வைக்கவேண்டும். டை ராடைத் திருகும்போது டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் சுலபமாக நகர இதுதான் வழி. கடையில் சக்கரத்துக்கு அடியில் சுழலும் தட்டு வைக்கிறார்களே, அது செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. பின் சக்கரத்துக்கும் அதே உயரத்துக்கு டைல்ஸ் கொடுங்கள், கிரீஸ் இல்லாமல். கிரீஸ் போட்ட டைல்ஸ் மேல் வண்டி நிற்கிறது என்பதை வேலை முடியும்வரை மறக்கக்கூடாது. பின் சக்கரத்துக் கட்டையை எடுக்கவே கூடாது.

ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டியில் சஸ்பென்ஷன் தூக்கிக்கொண்டே நிற்கும், டயர் உள்பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். அப்படியே அளந்தால் எண் பொய். முன்னால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, பானெட்டைப் பிடித்து நன்றாக அமுக்கி அமுக்கி விட்டு, பிறகு டைல்ஸ் மேல் முன்னோக்கித் தள்ளி ஏற்றுங்கள். ரிவர்ஸில் தள்ளி நிறுத்தாதீர்கள். பின்னால் தள்ளினால் ஜாயின்ட் ஆட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும்.

ஸ்டியரிங் நேராக நிற்கவேண்டும். ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதிக்கு வந்து நில்லுங்கள். அங்கே ஸ்டியரிங்கின் ஆரக்கால் இருபக்கமும் சமமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் யாரோ ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் மாற்றிப் போட்டிருக்கிறார்கள், அதை முதலில் சரிசெய்யவேண்டும். நேரான இடத்தில் ஸ்டியரிங்கின் இருபக்கமும் கயிறு போட்டு சீட்டுக்கு அடிக் கம்பியில் இறுக்கிக் கட்டுங்கள். சாவியை எடுத்துப் பூட்டு விழ விட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம், அது நேரில் விழாது.

இனி நூல். ஆறடி நீளத்தில் ஒரே மாதிரி இரண்டு ஜி.ஐ. கண்டியூட் பைப் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து வைத்து ஹேக்சாவால் இரண்டு இடத்தில் வெட்டு, இடைவெளி 1600 மி.மீ. சேர்த்து வைத்து ஒரே இழுப்பில் வெட்டுவது முக்கியம், தனித்தனியே அளந்து வெட்டினால் அரை மில்லிமீட்டராவது தப்பும். ஒரு பைப் முன் பம்பருக்கு முன்னால், இன்னொன்று பின் பம்பருக்குப் பின்னால், ஹப் (சக்கரத்தின் நடு மையம்) உயரத்தில் வைத்து, வெட்டிலிருந்து வெட்டுக்குக் கொத்தனார் நைலான் நூல் இழுத்துக் கட்டுங்கள். தட்டினால் வீணைக் கம்பியளவு பேச வேண்டாம், தொய்வு இல்லாமல் இருந்தால் போதும். பைப்பைத் தாங்க பெயின்ட் டப்பாவும் செங்கலும் போதும், ஆனால் வண்டியைத் தொடக்கூடாது. வெட்டு இடைவெளி இரண்டு பைப்பிலும் ஒன்றாக இருப்பதால் இரண்டு நூலும் தானாகவே இணையாக நிற்கும்.

அடுத்து இந்த இரண்டு பைப்பும் இரண்டு நூலும் சேர்ந்த நூல் பெட்டியை வண்டிக்கு நடுவில் கொண்டுவரவேண்டும். இடது பின் ஹப் நடுவிலிருந்து நூல் வரைக்கும் எவ்வளவோ, வலது பின் ஹப்புக்கும் அவ்வளவே இருக்கும்படி பின் பைப்பை நகர்த்துங்கள். முன்னாலும் அப்படியே. முன் தூரமும் பின் தூரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவேண்டாம். மாருதி 800-இல் டிராக், அதாவது இடது டயர் நடுவிலிருந்து வலது டயர் நடு வரை உள்ள தூரம், முன்னால் 1215 மி.மீ., பின்னால் 1200 மி.மீ. ஒரு பக்கத்துக்கு ஏழரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தே தீரும். பல பேர் பின் டயரிலேயே நூலை ஒட்டி வைத்து முன்னால் இழுத்துப் பார்க்கிறார்கள். அதில் இந்த வித்தியாசமும், டயர் வயிற்றுப் புடைப்பும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும்.

அளப்பது டயரிலிருந்து அல்ல, ரிம் விளிம்பிலிருந்து. ஹப் உயரத்தில், ரிம்மின் முன் விளிம்புக்கும் நூலுக்கும் ஒரு தூரம், பின் விளிம்புக்கும் நூலுக்கும் ஒரு தூரம். அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஆறு அங்குல இரும்பு ஸ்கேல் வேண்டும். டேப் வேண்டாம், அதன் கொக்கியே ஒரு மில்லிமீட்டர் ஆடும். ஸ்கேலை ரிம்மில் முட்டவைத்து, நூலுக்கு அடியில் நீட்டி, கண்ணை நேர் மேலே கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். பக்கத்து வீட்டுப் பையன்தான் எனக்கு எழுதிக்கொள்ள வருவான், சில சமயம் அவனையே அளக்கச் சொல்வேன்.

“நூத்திப் பன்னண்டுங் மாமா.”

“ஸ்கேலு நூலைத் தொடுதா கண்ணு?”

“லேசாத் தொடுது.”

“அப்ப அது நூத்திப் பன்னண்டு இல்ல. எடுத்துட்டு மறுபடி வை.”

முன் தூரத்திலிருந்து பின் தூரத்தைக் கழியுங்கள். கூடுதலாக வந்தால் அந்தச் சக்கரம் டோ-இன், குறைவாக வந்தால் டோ-அவுட். ஒரு வண்டியில் வந்த மாதிரி ஒரு கணக்கு: இடது முன் 112, பின் 110. ஆகவே டோ-இன் 2. வலது முன் 109.5, பின் 112.5. ஆகவே டோ-அவுட் 3. இரண்டையும் கூட்டினால் மொத்தம் டோ-அவுட் 1 மி.மீ. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ‘பரவாயில்லையே’ என்று தோன்றும். ஆனால் ஸ்டியரிங் நேராக இருக்கும்போது இரண்டு சக்கரமும் வலப்பக்கம் பார்க்கின்றன. நேராகப் போக டிரைவர் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். டயர் தேயாது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். கடையில் பார்த்த பிறகும் கோணல் போகாத வண்டிகளில் பெரும்பாலும் கதை இதுதான், ஸ்டியரிங்கை நேராகக் கட்டாமலே டோ வைத்திருப்பார்கள்.

ரிம் வளைந்திருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், நம் ஊர்ச் சாலைக்கு இருந்தே ஆகவேண்டும், இதற்கு மட்டும் பின் கட்டையை எடுத்து, வண்டியைச் சக்கரம் அரைச் சுற்று உருளும்வரை தள்ளி நிறுத்தி, கட்டையைத் திரும்ப வைத்து, மறுபடி அளந்து, இரண்டு அளவுக்கும் சராசரி எடுங்கள்.

இனி ஸ்பேனர். டை ராட் எண்ட்டுக்குப் பின்னால் லாக் நட் இருக்கும். முந்தைய நாள் ராத்திரியே துரு விடுவிக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். எண்ட்டின் தட்டை முகத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை அரைச் சுற்று விடுங்கள். எண்ட்டைப் பிடிக்காமல் நட்டை மட்டும் இழுத்தால் பால் ஜாயின்ட்டின் ரப்பர் திருகிக் கிழியும். ராக் பூட் என்கிற ரப்பர் உறையின் வெளிப்பக்க கிளிப்பையும் தளர்த்தி, பூட் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் விட்டு விடுவித்துவிடுங்கள். இல்லையென்றால் டை ராடைத் திருகும்போது பூட்டும் முறுக்கிக்கொள்ளும். கிழிந்த பூட் வழியாக மண் போய் ராக்கே போய்விடும், அதன் செலவு ஒரு ஜோடி டயரைவிட அதிகம். திருகும் முன் கம்பியில் ஒரு பெயின்ட் கோடு போட்டு, வெளியே தெரியும் மரை எத்தனை என்று இரண்டு பக்கமும் எழுதி வையுங்கள்.

எந்தப் பக்கம் திருகுவது? மாருதி 800-இல் ராக், சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கிறது. டை ராடை நீட்டினால் சக்கரத்தின் பின்பக்கம் வெளியே தள்ளப்படும், அதாவது டோ-இன் கூடும். குறுக்கினால் டோ-அவுட். ராக் அச்சுக்கு முன்னால் இருக்கும் வண்டிகளில் இது அப்படியே தலைகீழ், அதனால் உங்கள் வண்டியை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே சொன்ன கணக்கில் இடது ராடைக் குறுக்கவேண்டும், வலது ராடை நீட்டவேண்டும். என் வண்டியில் கால் சுற்றுக்கு ரிம்மில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் மாறுகிறது. உங்களுக்கு எவ்வளவு என்பதை முதல் கால் சுற்றுக்குப் பிறகு அளந்து தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கால் சுற்று, டயரை இரண்டு கையாலும் பிடித்து ஒரு உலுக்கு, அளவு. அவசரப்பட்டு முழுச் சுற்று திருகுகிறவர்களுக்கு எங்கே தொடங்கினோம் என்பதே மறந்துவிடும்.

எவ்வளவில் நிறுத்துவது என்றால், உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் முடிவு. முன் சக்கர டிரைவ் உள்ள சின்ன வண்டிகளில் அது பொதுவாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். இஞ்சின் இழுக்கும்போது முன் சக்கரங்கள் தாமே உள்ளே திரும்பப் பார்க்கும் என்பதால் நிற்கும்போது டோ-இன் அதிகம் தேவையில்லை. அம்பாசடர் மாதிரி பின் சக்கர டிரைவ் வண்டியில் நேர் எதிர். அங்கே முன் சக்கரத்தைச் சாலை பின்னால் தள்ளுகிறது, சக்கரம் வெளியே திரும்பப் பார்க்கிறது, அதனால் கொஞ்சம் டோ-இன் வைப்பார்கள். அம்பாசடர் காலத்து மெக்கானிக் சொன்னார் என்று மாருதிக்கும் அதே மாதிரி டோ-இன் வைக்காதீர்கள்.

எண் வந்ததும் எண்ட்டைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது கம்பி கொஞ்சம் கூடவே திரும்பும், அரை மில்லிமீட்டர் போய்விடும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி அளப்பது கட்டாயம். போயிருந்தால் நட்டை விட்டு, போகும் அளவுக்கு முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வைத்து மறுபடி இறுக்குங்கள். பூட் முறுக்கில்லாமல் நிற்கிறதா என்று பார்த்து கிளிப்பை மாட்டுங்கள். இரண்டு பக்கமும் வெளியே தெரியும் மரையில் பெரிய வித்தியாசம் இருந்தால், நாலைந்து மரைக்கு மேல், டை ராடோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை டோ வைத்து மறைக்கக்கூடாது.

வளைவைக் கண்டுபிடிக்க கொத்தனாரின் தூக்குக்குண்டு உதவும். சக்கரத்தின் மேல் விளிம்புக்கு வெளிப்பக்கம் நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு என்று பாருங்கள். 340 மி.மீ. ரிம்மில் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் ஒரு டிகிரி கேம்பர். எண் என்ன என்பதைவிட இடதும் வலதும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. மூன்று நாலு மில்லிமீட்டருக்கு மேல் இரண்டு பக்கமும் வேறுபட்டால், குழியில் விழுந்து ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் தூண்) ஆர்மோ வளைந்திருக்கும். அந்த வண்டியை வொர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

கட்டை, டைல்ஸ், கயிறு எல்லாம் எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் கயிற்றை முதலில். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் நாற்பதில் பிடியை லேசாக்குங்கள், கையை முழுதாக எடுக்கவேண்டாம். லேசாக இடப்பக்கம் ஒதுங்கினால் கவலை இல்லை. தண்ணீர் ஓட நடுவில் மேடாகத்தான் சாலை போடுவார்கள், நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். சந்தேகம் என்றால் சாலையின் மேடான நடுவில், எதிரே யாரும் இல்லாதபோது பாருங்கள். அங்கும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில், டோவில் இல்லை. திசை அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இந்தச் சோதனைக்கு மட்டும் மாற்றிவிட்டுத் திரும்பப் போட்டுவிடுங்கள். ஓரிரு வாரம் ஓடிய பிறகு லாக் நட் இரண்டையும் ஸ்பேனர் போட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

புது வண்டி வைத்திருப்பவர்கள் டோவைத் தொடும் முன் ஒன்று பார்க்கவேண்டும். ஈ.எஸ்.பி. (வண்டி வழுக்காமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு) இருக்கிற வண்டியிலும், கேமரா வைத்துக் கோடு பார்த்து ஓடும் வண்டியிலும் ஸ்டியரிங் கோண சென்சார் இருக்கும். டோ மாறி ஸ்டியரிங்கின் நேர் இடம் மாறினால் அதற்கும் புது நேர் சொல்லித்தரவேண்டும், அதற்கு ஸ்கேனர் வேண்டும். பின் சக்கரத்துக்கும் டோ வைக்க வசதி உள்ள வண்டிகளில் முதலில் பின்பக்கம், அப்புறம்தான் முன்பக்கம். இப்படிப்பட்ட வண்டிகளுக்கு நூல் கட்டி அளந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, ஸ்பேனர் வேலையைக் கடையில் விடுங்கள். போகும்போது உங்கள் எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், மெஷின் முதலில் காட்டும் அளவையும் கடைசியில் காட்டும் அளவையும் பிரின்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.